இரண்டு ஆடுகள்

அன்புள்ள அக்கா,

பழைய ஹாலிவுட் படங்களில் வரும் துறவிகளைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த குறிப்பைப் படித்துவிட்டு 'கோயிங் மை வே', 'பிளாக் நார்சிசஸ்', 'தி நன்ஸ் ஸ்டோரி', 'லில்லீஸ் ஆஃப் தி ஃபீல்ட்' நான்கையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. கடவுள் அழைப்பது வெள்ளைக்காரர்களை மட்டும்தானா? கறுப்பர்களும் நம்மவர்களும் நோயாளிகளாக, வேலைக்காரர்களாக, கூட்டமாக வந்துபோகிறார்கள். இமயமலைப் பெண்ணாக ஓர் ஆங்கில நடிகை பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு வருகிறார். எந்தப் படத்தில் வெள்ளையர் அல்லாதவர் எத்தனை பேர், எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் குறித்தே வைத்திருக்கிறேன். "அந்தக் காலம் அப்படி, விடு" என்கிறார் என் கணவர். என் மகளுக்கு 14 வயது. இந்தப் படங்களை அவளுக்குக் காட்டலாமா, கூடாதா?

ந.

அன்புள்ள ந.,

அக்கா என்று எழுதிவிட்டீர்கள். திட்டுகிற உரிமையும் கூடவே வந்துவிட்டது.

உங்கள் கடிதம் வந்த வாரம் என் அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். அப்பாவின் அக்கா. 19 வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர், இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். கண்புரை எடுத்த பிறகு ஓய்வுக்கென்று மடத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். டாக்டர் டிவி பார்க்கலாம் என்று சொன்ன அன்றே, "சிஸ்டர் படம் ஏதாவது இருந்தா போடு" என்றார். 'தி நன்ஸ் ஸ்டோரி' போட்டேன். ஆகவே நீங்கள் கேட்பதற்கு முன்பே இதே கேள்வி என் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் படம் காட்டலாமா கூடாதா என்கிற கடிதங்களுக்கெல்லாம் நான் பதில் எழுதுவதில்லை.

முதலில் அந்த நோட்டு. தயவுசெய்து அதை மூடி வையுங்கள். நிமிடக் கணக்கில் பார்த்தால் 'தி நன்ஸ் ஸ்டோரி'யில் கறுப்பு முகங்கள் ஏராளம். படக்குழு காங்கோவுக்கே போய், அன்றைய ஸ்டான்லிவில், இன்றைய கிசங்கானி, பகுதியில் எடுத்த படம் அது. மருத்துவமனைக் கட்டில்கள், ஆற்றங்கரை, பிரசவம் என்று திரை நிறைய மனிதர்கள். உங்கள் கட்டத்தில் அந்தப் படத்துக்கு நல்ல மார்க் விழுந்திருக்கும். விழுந்ததா? அப்படியானால் உங்கள் கட்டம் எதையும் அளக்கவில்லை.

பழுப்புச் சாய விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. 'பிளாக் நார்சிசஸ்' முழுக்க இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது, இமயமலையே ஸ்டுடியோவில் வரைந்த ஓவியம். மலையே சாயம் என்றால் பெண்ணுக்கும் சாயம். என் கோபம் வேறு. ஜீன் சிம்மன்ஸ் நடித்த காஞ்சி என்ற அந்தப் பெண்ணுக்குப் படத்தில் ஒரு வரி வசனம்கூடக் கிடையாது, கவனித்தீர்களா? மடத்து வாசலில் கொண்டுவந்து விடுகிறார்கள். பார்க்கிறாள், ஆடுகிறாள், அடி வாங்குகிறாள், போகிறாள். சாயம் பூசாமல் நேபாளத்திலிருந்தே ஒரு பெண்ணைக் கூட்டிவந்து அதே ஊமை வேடத்தைக் கொடுத்திருந்தால் உங்களுக்குத் திருப்தியாகியிருக்குமா? உங்கள் நோட்டு திருப்தியடைந்திருக்கும்.

இனி உங்கள் கணவர். அவரிடம் சொல்லுங்கள், "அந்தக் காலம் அப்படி" என்பது காலத்தின் மேல் போடுகிற வீண்பழி. பால்டிமோரில் கறுப்பினப் பெண்களே தங்களுக்கென ஒரு துறவற சபையைத் தொடங்கியது 1829இல். நியூ ஆர்லியன்சில் இன்னொன்று 1842இல். அமெரிக்காவில் அடிமை முறை உயிரோடு இருந்தபோதே இதெல்லாம் நடந்தது. அடிமையாகப் பிறந்த அகஸ்டஸ் டோல்ட்டனை அமெரிக்காவில் எந்தக் குருமடமும் சேர்க்கவில்லை. அவர் ரோமுக்குப் போய்ப் படித்து 1886இல் அங்கேயே கத்தோலிக்கக் குருவானார். 'கோயிங் மை வே'யில் பிங் கிராஸ்பி சாமியாரின் கழுத்துப்பட்டையோடு பாடுவதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பு. காலத்தில் எல்லாம் இருந்தது. திரையில்தான் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்கள் மேல் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. உங்கள் கணவர் நல்லவராகத்தான் இருப்பார், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, அத்தைக்கு வருகிறேன்.

படம் தொடங்குகிறது. ஆட்ரி ஹெப்பர்ன் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். அப்பா பெரிய அறுவை மருத்துவர், அவர்தான் மகளை மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அத்தை ஒன்றும் பேசவில்லை. மடத்தில் புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு எண் கொடுக்கிற இடம் வந்தது. இந்தப் பெண்ணுக்கு 1072. அத்தை சிரித்துவிட்டார். "எனக்கு 41" என்றார்.

எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மடத்திலிருந்து ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்களாம். உள்பாவாடை இத்தனை, துண்டு இத்தனை, கைக்குட்டை ஆறு, எல்லாவற்றிலும் சிவப்பு நூலில் 41 என்று தைத்துக் கொண்டுவர வேண்டும் என்று. சலவையில் மாறிப்போகாமல் இருக்க. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தாத்தா ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுக்க, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்துத் தைத்தாராம். வாழ்நாளில் அவருக்குத் தெரிந்த ஒரே எழுத்து அந்த எண்தான். நான் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். 41ஆம் பக்கம் வந்தால் விரலை வைத்து, "இந்தா, உங்க அத்தை" என்பார். ஆறு கைக்குட்டைதான் பட்டியலில் இருந்தது. அப்பத்தா ஏழு தைத்திருந்தார். ஏழாவது அவர் சாகும்வரை இடுப்பில் இருந்தது, சில்லறை முடிந்து வைக்க.

இதையெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது அத்தை கேட்டார், "இந்தப் புள்ளைக்கு அம்மா இல்லையா?"

இல்லை அத்தை, அப்பா மட்டும்தான் காட்டுகிறார்கள் என்றேன்.

"அதான் இவ்வளவு சுலபமா கிளம்பிட்டா."

படம் காங்கோவுக்குப் போனது. அரைமணி நேரம் பார்த்தார். பிறகு, "அந்த ஊருப் பொண்ணுங்க ஒருத்தியும் மடத்துல சேரலையா?" என்று கேட்டுவிட்டு, சொட்டு மருந்து நேரம் என்று எழுந்துவிட்டார்.

நீங்கள் நான்கு படம் பார்த்துக் கட்டம் போட்டீர்கள். இவர் இரண்டு கேள்வி கேட்டார். அந்த இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் அவை ஒரே கேள்வி என்று உறைத்தது.

துறவுக் கதை என்றால் என்ன? ஒருவர் வீட்டை விட்டுப் போகிற கதை. அதற்கு முதலில் வீடு வேண்டும். கதவு, கதவுக்குப் பின்னால் ஒரு அம்மா, சாப்பாட்டுத் தட்டு, திருமணப் பேச்சு, "உன்னை நம்பித்தானே இருந்தேன்" என்கிற ஒரு குரல். இவற்றைக் காட்டினால்தான் போகிறவர் எதை விட்டுப் போகிறார் என்று நமக்குத் தெரியும். வீடு இல்லாதவர் துறவி ஆக முடியாது, வழிப்போக்கர்தான் ஆகலாம். அந்தப் படங்கள் வெள்ளையர் அல்லாதவருக்குக் கொடுக்க மறுத்தது முகத்தையோ நிமிடத்தையோ அல்ல. வீட்டைத்தான்.

'கோயிங் மை வே'யின் முடிவை மறுபடி போட்டுப் பாருங்கள். 1944இல் வந்த படம். கிழட்டு ஐரிஷ் பங்குச்சாமியார், 45 ஆண்டுகளாக அதே கோயில், அத்தனை ஆண்டுகளாக அம்மாவைப் பார்க்கவில்லை. கடைசியில் அவருக்கே தெரியாமல் அயர்லாந்திலிருந்து அந்தத் தாயை வரவழைத்துவிடுகிறார்கள். தொண்ணூறைக் கடந்த சிறு உருவம் மெல்ல நடந்து வருகிறது. அந்தக் கிழவர் ஒரு நொடியில் பிள்ளையாகிவிடுகிறார். வசனம் தேவைப்படவில்லை. நான் எத்தனை தடவை பார்த்தாலும் அங்கே அழுதுவிடுவேன், அழுதுகொண்டே அது சர்க்கரைப் பாகு என்று திட்டவும் செய்வேன். ஆனால் பாருங்கள், அந்த ஒரு நடையில் அவர் 45 ஆண்டுகளாக எதைக் கொடுத்திருக்கிறார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இப்போது 'லில்லீஸ் ஆஃப் தி ஃபீல்ட்'. 1963. சிட்னி பாய்ட்டியருக்கு அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கித் தந்த படம். முதன்மை நடிகருக்கான விருதை ஒரு கறுப்பினத்தவர் பெற்றது அதுவே முதல் முறை. அதன் பெருமையை நான் குறைக்கவில்லை, அவர் அந்தப் படத்தில் நிற்பதும் சிரிப்பதும் கோபப்படுவதும் அவ்வளவு அழகு. கதை என்ன? காருக்குத் தண்ணீர் கேட்டு அரிசோனா பாலைவனத்தில் நிறுத்துகிறார், ஐரோப்பாவிலிருந்து வந்த ஐந்து கன்னியாஸ்திரீகள் பிடித்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு ஒரு சிற்றாலயம் கட்டித் தருகிறார். அவர்களின் தலைவியான மதர் அவரைப் பார்த்த மாத்திரத்தில் கடவுள் அனுப்பியவர் என்று சொல்லிவிடுகிறார். ஆக, அழைப்பு உண்டு. ஆனால் எதற்கு அழைப்பு? அவருடைய கைக்கு. கட்டடக் கலைஞராக வேண்டும் என்று ஆசைப்பட்டு, படிக்க வசதியில்லாமல் போனவர் அவர். அந்த ஏக்கம் ஒரு வரியில் வந்து ஒரு வரியில் போகிறது. அவர் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டார், யார் அவருக்காக விளக்கை ஏற்றி வைத்திருக்கிறார்கள், படம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வேலை முடிந்ததும் இரவோடு இரவாகக் கிளம்பிப் போய்விடுகிறார். ஐரிஷ் சாமியாருக்கு அம்மா, பாய்ட்டியருக்கு கார். உங்கள் நோட்டில் இதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா?

நம் மொழியில் இதை எப்போதோ எழுதிவைத்துவிட்டார்கள் என்று சொன்னால் பழம்பெருமை பேசுகிறேன் என்பீர்கள். பரவாயில்லை, பேசுகிறேன். மணிமேகலையில் துறவுக்குப் போகிறவள் கணிகையர் குலத்துப் பெண். அவளுக்கு ஏது துறவு என்றுதான் ஊரே கேட்கிறது. சாத்தனார் அவளை வானத்திலிருந்து இறக்கவில்லை. மகளைத் தவத்துக்கு என்றே தீர்மானித்துவிட்ட மாதவி என்ற அம்மாவைக் கொடுத்தார். குலத்தொழிலை விட்டுவிட்டுப் போகிறார்களே என்று கொதிக்கிற சித்ராபதி என்ற பாட்டியைக் கொடுத்தார். பேத்தியைத் திருப்பிக் கொண்டுவர இளவரசனையே தூண்டிவிடுகிற பாட்டி! அந்த வீட்டில் மூன்று தலைமுறைச் சண்டை நடக்கிறது. அதனால்தான் மணிமேகலையின் துறவு நமக்குக் கனக்கிறது. சித்ராபதி இல்லாமல் அந்தக் காவியத்தை நினைத்துப் பாருங்கள், வெறும் உபதேசம்தான் மிஞ்சும்.

ஹாலிவுட் ஏன் அந்த வீட்டைக் கட்டவில்லை? தெற்கு மாநிலத் திரையரங்குகளைப் பற்றிய பயம் ஒன்று, எல்லோரும் சொல்வது. கறுப்பு நடிகர்கள் வரும் காட்சிகளை அங்கே வெட்டிவிட்டு ஓட்டிய கதைகள் உண்டு. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. 1934 முதல் 1968 வரை ஸ்டுடியோக்களைக் கட்டிப்போட்டிருந்த தணிக்கை விதித் தொகுப்பில், மத குருமாரை வில்லனாகவோ கோமாளியாகவோ காட்டக் கூடாது என்று ஒரு விதி. அன்றைய அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண்ணின் துறவுக் கதையை நேர்மையாக எடுத்தால் என்ன ஆகும்? வெள்ளையர் சபைகள் பல, நிறத்துக்காகவே அப்படிப்பட்ட பெண்களைச் சேர்க்க மறுத்தன. ஆகவே கதையின் நடுவில் ஒரு மதர் கதவைச் சாத்தியாக வேண்டும். கதவைச் சாத்துகிற மதரைக் காட்ட விதி விடாது. கதவைத் திறக்கிற மதரை மட்டும் காட்டினால் அது பொய். எடுக்காமலே விட்டுவிடுவது சுலபம். இது என் ஊகம்தான், ஆனால் என்னோடு மல்லுக்கு நிற்க வருகிறவர்கள் வரலாம்.

எடுத்திருக்கலாம் என்பதற்குச் சொல்கிறேன். 1953. மிசிசிப்பியில் ஒரு கறுப்பின டாக்டர், அவர் மனைவி பள்ளி ஆசிரியை, ஒரே மகள், 15 வயது. அந்த மகள் விஸ்கான்சினில் இருக்கும் பிரான்சிஸ்கன் மடத்துக்குப் போகிறேன் என்கிறாள். அங்கே முழுக்க வெள்ளையர். "அங்கே உன்னை அவர்களுக்குப் பிடிக்காது" என்று அப்பா சொன்னதாகவும், "பிடிக்க வைக்கிறேன்" என்று மகள் சொன்னதாகவும் அவர் வரலாற்றில் வருகிறது. தியா போமன். பின்னாளில் அமெரிக்க ஆயர்கள், அதாவது பிஷப்புகள், பேரவை முன்னால் நின்று பாடி, அவர்களையும் எழுந்து கைகோத்துப் பாடவைத்தவர். டாக்டர் அப்பா, மடத்துக்குப் போகும் மகள். ஆட்ரி ஹெப்பர்ன் படத்தின் அதே வீடு! அந்தப் படம் வெளிவருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, அந்த நாட்டிலேயே. மிசிசிப்பி வீட்டு வாசலில் கேமராவைக் கொண்டுபோய் வைத்திருந்தால் போதும்.

அத்தையின் இரண்டாவது கேள்வி பாக்கி இருக்கிறது. காங்கோவில் ஒரு பெண்ணும் சேரவில்லையா?

சேர்ந்தாள். 'தி நன்ஸ் ஸ்டோரி' திரைக்கு வந்தது 1959. அதே 1959 ஆகஸ்டில், படம் எடுத்த ஸ்டான்லிவில் இருக்கும் அதே மாகாணத்தில், பஃப்வபாக்கா என்ற ஊரில் அனுவாரிட்டே நெங்காபெட்டா என்ற பெண் துறவற உறுதிமொழியான முதல் வார்த்தைப்பாட்டைக் கொடுத்தாள். 19 வயது. என் அத்தை மடம் சேர்ந்த வயது. ஆண் பிள்ளை இல்லை என்று அவள் அப்பா அம்மாவை விலக்கிவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டவர். மடத்துக்குப் பெண்களை ஏற்றிச் சென்ற லாரியில் அம்மாவுக்குச் சொல்லாமல் ஏறிப் போனவள் இவள். வார்த்தைப்பாடு நாளில் பெற்றோர் வந்தார்கள். சும்மா வரவில்லை, மடத்துக்கு இரண்டு ஆடுகளைக் கொண்டுவந்தார்கள்.

ந., இந்த இரண்டு ஆடுகளைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. பத்து நாளாக இதே நினைப்பு. ஒரு மகளைப் பறிகொடுக்கிற நாளில், கையை வீசிக்கொண்டு போகக் கூடாது என்று ஒரு வீடு முடிவு செய்கிறது. பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் அன்றைக்கு ஒன்றாக வந்து நிற்கிறார்கள். ஆடுகளை யார் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள், அம்மாவா அப்பாவா? பூசை நடக்கும்போது எங்கே கட்டியிருப்பார்கள்? பாட்டுக்கு நடுவில் ஒன்று கத்தியிருக்காதா? வெள்ளை உடையில் வரிசையாக நிற்கிற பெண்களில் ஒருத்திக்கு மட்டும் அது தன் வீட்டு ஆட்டின் குரல் என்று தெரிந்திருக்குமே! ஹாலிவுட்டின் எந்தக் கதை இலாகாவும் உட்கார்ந்து யோசித்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கண்டுபிடிக்கவே தேவையில்லை, அங்கேயே இருந்தது. அந்த மாகாணத்தில் கேமராவும் வெளிச்சமும் ஆட்களுமாக ஒரு பட்டாளம் போய் இறங்கி, அங்கத்திய மனிதர்களைக் கட்டிலில் படுக்கவைத்து, பெல்ஜியத்துப் பெண்ணின் ஆன்மா படுகிற பாட்டைப் படம் பிடித்துக்கொண்டு வந்தது. நல்ல படம்தான். கடைசியில் அவர் மடத்தை விட்டு வெளியேறும் காட்சியில் இசையே இல்லாமல், கேமரா உள்ளேயே நிற்க அவர் மட்டும் சந்தில் நடந்து போகிறாரே, அதற்காக இயக்குநர் சின்னமன்னுக்கு நான் எதையும் மன்னிப்பேன். இந்த ஆடுகளைத் தவிர.

அப்புறம் அந்த அம்மாவுக்கு மனம் மாறிவிட்டது. வீட்டுச் செலவுக்குக் கஷ்டம், திரும்பி வா என்று மகளைக் கூப்பிட்டார். மகள் வரவில்லை. 1964 டிசம்பர் 1ஆம் தேதி இசிரோவில் கிளர்ச்சிப் படையின் அதிகாரி ஒருவன் அவளைக் கொன்றான். 1985இல் போப் இரண்டாம் ஜான் பால் கின்ஷாசாவுக்கு வந்து அவளுக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தார். மரணத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். திரும்பி வா என்று கேட்ட அம்மாவைப் பற்றி, எனக்குத் தெரிந்து, யாரும் விரித்து எழுதவில்லை.

அத்தை மடத்துக்குத் திரும்பிய பிறகு போனில் இதைச் சொன்னேன். சேர்ந்திருக்காங்க அத்தை, அங்கே இப்படி ஒரு பெண், அவங்க அப்பா அம்மா ரெண்டு ஆடு கொண்டாந்தாங்களாம் என்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"வெள்ளாடா, செம்மறியா?" என்றார்.

தெரியல அத்தை.

"எங்கம்மா அன்னைக்கு வரல. அப்பாதான் கொண்டாந்து விட்டாரு. கேட்டுக்கோ" என்றார். பிறகு செபத்துக்கு மணி அடித்துவிட்டது, வைத்துவிட்டார்.

எனக்கு இது தெரியாது. அப்பத்தா வாசல்வரையாவது போயிருப்பார் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

உங்கள் மகள் விஷயத்தை விட்டுவிட்டேன் பாருங்கள். காட்டுங்கள். நான்கையும் காட்டுங்கள். பக்கத்தில் நோட்டோடு உட்காராதீர்கள், நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொல்லாதீர்கள். 14 வயதுப் பெண்ணுக்கு எது பொய் என்று தெரியும், உங்களைவிட நன்றாகவே தெரியும். பாதியில் எழுந்து போனால் போகட்டும்.